காலில் விழுந்த மூன்று எழுத்து

சுவிஸில், லுசேர்ண் நகர ஹோட்டல் ஒன்றின் அலுவலக அறையில் அன்று முதலாளி இருந்தார், அண்ணன் இருந்தான், கணினிக்கு முன்னால் நான் இருந்தேன். கையில் சூப் கொட்டுப்பட்ட ஜப்பானிய அம்மா இல்லை. அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். மகள்தான் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள்: பணம் வேண்டாம், கொட்டியவர் அம்மா வாசிக்கிற மாதிரி ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்டு எழுதட்டும், இல்லையென்றால் இங்கே ஆட்களை அனுப்பும் பயண முகவரிடம் முறையிடுவேன்.

அண்ணனுக்குச் சமையலறையில்தான் வேலை. பரிமாற ஆள் குறைந்த ஒரு மதியம் சூப்பைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போனான். அந்த வேலை போனால், கொழும்பில் காத்திருந்த அண்ணியைக் கூப்பிட முடியாது. சம்பளச் சீட்டுக் காட்டினால்தான் விசா. அதனால்தான் தம்பிக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று முதலாளியிடம் சொல்லி என்னைக் கூட்டிவந்திருந்தான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். எழுதத் தெரியும்தான். ஆனால் என் ஜப்பானிய மொழி, பெயர் போடாமல் ஆட்கள் அரட்டையடிக்கும் இணையத் தளங்களில் பொறுக்கியது. அங்கே சிரிப்பு வந்தால் w என்று தட்டுவார்கள். விழுந்து விழுந்து சிரித்தால் wwww. பரீட்சையில் கோட்டை விட்டால் orz. o தலை, r ஊன்றிய கை, z மடங்கிய கால். தோற்றுப்போய் நிலத்தில் விழுந்து கிடக்கும் ஒருவன், தன்னையே நக்கலடிப்பதற்கு. பெரியவர்களுக்கு எழுதும் மரியாதை மொழியை அங்கே யாரும் எழுதுவதில்லை.

அகராதியை வைத்துக்கொண்டு நாலு வரி ஒப்பேற்றினேன். அண்ணன் எட்டிப் பார்த்தான். அந்த orz உருவத்தை முன்பொருநாள் வீட்டில் அவனுக்குக் காட்டியிருந்தேன்.

"உந்த விழுந்து கிடக்கிற ஆளையும் போடு."

"அண்ணை, அது பெடியள் பகிடிக்குப் போடுறது."

"காலிலை விழுறதிலை என்னடா பகிடி?"

"அவை வேறை மாதிரி எடுப்பினம்."

"நீ படிச்சனீ, சரி. என்ர கையாலைதானே அந்த அம்மாவுக்கு வெந்தது? நேரை நிண்டிருந்தா விழுந்திருப்பன். போடு."

முடிந்ததா என்று முதலாளி ஜெர்மனில் கேட்டார். அண்ணனின் கண் கலங்கியிருந்தது. போட்டேன்.

பதில் மிக மரியாதையான மொழியில் வந்தது. ஒரு சொல்கூடக் கடுமையாக இல்லை. 'அம்மாவின் கையில் இன்னும் கட்டு இருக்கிறது. உங்களுக்கு இது வேடிக்கையாக இருப்பதை அறிந்துகொண்டோம்.'

உடனே ஆங்கிலத்தில் விளக்கம் எழுதினேன். மறுமொழி வரவில்லை. முகவர் அந்தப் பருவத்துச் சுற்றுலாக் குழுக்களை வேறு ஹோட்டலுக்கு மாற்றினார். முதலாளி அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினார்.

பஸ் தரிப்பில் அண்ணன் கேட்டான்: "எங்கடை ஆக்கள் விழுந்து கும்பிடுறதை விளங்கப்படுத்தி எழுதினியோ?"

"ஓம், அண்ணை."

"பிறகும் பகிடியெண்டே நினைச்சவை?"

பஸ் வந்தது, ஏறினோம்.

அடுத்த வேலை குளிர்காலம் முடிந்த பிறகுதான் கிடைத்தது. அரசாங்கத்தின் சமூக உதவிப் பணத்தை எடுத்தால் அண்ணியின் விசா கிடைக்காமல் போய்விடும் என்று அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை; கையில் இருந்ததை எடுத்தே வாடகை கட்டினான். அண்ணியின் பயணத்துக்கும், இரண்டு பேர் இருக்கும் வீட்டின் முற்பணத்துக்குமாகச் சேர்த்தது அத்தனையும் போயிற்று: ஆறாயிரத்து நானூறு பிராங்க்.