சாய்தளத்தில் செருப்புகள்

எங்கே போனாலும் என்னைத் தூக்க நாலு பேர் ஓடி வந்துவிடுவார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் போயின. அதிலிருந்து சக்கர நாற்காலிதான். ஒருமுறை சொந்தக்காரர்களோடு கரியாலூர்ப் பக்கம் அருவிக்குப் போனோம். நாற்காலியோடு என்னைத் தூக்கிக்கொண்டு போய், ஒரு பாறையைப் பார்த்தபடி இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் குளிக்கப் போய்விட்டார்கள். மணலில் சக்கரம் திரும்பவில்லை. அருவி என் முதுகுக்குப் பின்னால் கொட்டிக்கொண்டிருந்தது. சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வீடு வந்தேன். தூக்குகிறவர்கள் வைக்கிற திசையில்தான் இருக்க வேண்டும் என்பது அன்றைக்குப் புரிந்தது. அதற்கப்புறம் யாரையும் தூக்க விட்டதில்லை.

அதனால்தான் கள்ளக்குறிச்சியில் இருக்கும் சபா மண்டபத்துக்குச் சாய்தளம் கேட்டுச் சபாக்காரர்கள் உயிரை வாங்கினேன். என் மகள் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள். என்றைக்காவது அங்கே பாடுவாள் என்று தெரியும். வடக்கனந்தலில் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் கடை என்னுடையது. சபா செயலாளருக்கு அரிசி ஆலை. ஆலை மோட்டார் என்னிடம் வரும்போதெல்லாம் இதே பேச்சுதான். கடைசியில் மனுஷன் சலித்துப்போய், பக்கவாசலில் சிமெண்டில் ஒன்று போட்டுக் கொடுத்தார். மேலே தகரக் கூரை, ஓரத்தில் கைப்பிடிக் கம்பி. வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மகளின் முதல் கச்சேரி அன்று விடிந்ததிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதலில் பாட அவள் எடுத்துக்கொண்ட வர்ணம் அட தாளம், பதினாலு எண்ணிக்கை. கொஞ்சம் அசந்தால் காலை வாரிவிடும். வீட்டில் அவள் பாடும்போது எதிரில் இருந்து மடியில் தட்டித் தாளம் போடுவது நான்தான். என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்கு ஒரு தைரியம்.

"வர்ணம் முடியற வரைக்கும் எதிர்லயே இருங்கப்பா, அப்புறம் நான் பாத்துக்கறேன்" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா தம்பூராவோடு முன்பே போய்விட்டாள். நானும் மகளும் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது மழை தூறி ஓய்ந்திருந்தது. "சுருதி சேக்கக் கூப்புடறாங்கப்பா, நான் முன்னாடி ஓடறேன்" என்று புதுச்செருப்பு சடசடக்க ஓடினாள். ஆட்டோவிலிருந்து நாற்காலியை இறக்கி, விரித்து, நான் மாறி உட்கார்ந்து பக்கவாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தால், சாய்தளத்தைக் காணோம். அடியிலிருந்து உச்சி வரை செருப்பு. மண்டபத்துக்குள் யாரும் செருப்புக் காலோடு போகமாட்டார்கள். முன்வாசல் சேறாகிவிட்டது. கூரைக்கடியில் ஈரம் படாமல் கிடந்த இதைவிடச் செருப்பு விட நல்ல இடம் ஊரிலேயே கிடையாது.

சாய்தளத்தை ஒட்டிய படிகளுக்கு மேலே, செயலாளர் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். "இன்னா தம்பி, அங்கயே நின்னுக்கினு? உள்ள வா."

"எப்படி வர்றதுங்க? செருப்ப எடுக்கச் சொல்லுங்க."

"கூட்டற அம்மா டீ குடிக்கப் போயிருக்குது, இப்ப வந்துடும். அதுவரைக்கும் இன்னாத்துக்கு இங்க? டேய், வாங்கடா, தம்பிய அப்படியே தூக்குங்க."

வந்தார்கள், நாலு பேர். "தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன். "என்னைத் தூக்க வேணாம். செருப்ப நகத்துங்க, அது போதும்."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் காலால் ரெண்டைத் தள்ளினான். அவை சறுக்கி வந்து என் சக்கரத்தில் முட்டின. அடுத்தவர் செருப்பைக் கையால் தொடுவதாவது! ஒரு மூட்டை கனம் இருக்கிற என்னை நாற்காலியோடு தூக்கத் தயார். ஒரு ரப்பர் செருப்பைத் தூக்க ஆளில்லை. கூட்டுகிற அம்மா வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

உள்ளே தம்பூரா கேட்டது. சக்கரத்தை முன்னே தள்ளுகிறேன், பின்னே இழுக்கிறேன், மறுபடி தள்ளுகிறேன். ஒலிபெருக்கியில் மகள் தொண்டையைச் செருமினாள். வர்ணம் தொடங்கிவிட்டது. அவள் குரல் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. 'தூக்கித் தொலைங்கடா' என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. குனிந்து முதல் ஜோடியை எடுத்து மடியில் வைத்தேன்.

"ஐயய்யோ, உன் கையால இன்னா தம்பி இது!" என்று செயலாளர் பதறினார். பதறினாரே தவிர, படியிறங்கி வரவில்லை.

வெளியே சேற்றில் வீசியிருக்கலாம். என் கோபத்துக்கு அதுதான் சரி. ஆனால் சின்னப் பிள்ளைகளின் செருப்பும் கலந்து கிடந்தது. எடுப்பதும் மடியில் போடுவதும் ஒரு தள்ளுத் தள்ளுவதுமாக, சக்கரம் போகிற வழியை மட்டும் ஒழித்துக்கொண்டு ஏறினேன். வாசலை ஒட்டிக் கடைசி ஜோடி கிடந்தது. அரக்கு நிற வார், பொன் வளையம். கடைத்தெருவில் அலைந்து மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. ஊரார் மேல் கோபப்படுவது எனக்குச் சுலபம். இந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதையும் எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

வர்ணம் பாதி தாண்டியிருந்தது. முன்வரிசைக்குப் போய், என் கையால் நாற்காலியைத் திருப்பி மகளுக்கு நேரெதிராக நிறுத்தினேன். மடியில் தட்ட இடமில்லை. செருப்புகளின் மேலேயே தாளம் போட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவள் கண் என்னைத் தேடிப் பிடித்தது, குரல் நடுக்கம் நின்று நிதானமானது. அப்புறம் பார்வை கொஞ்சம் கீழே, அந்த அரக்கு வாருக்கு இறங்கியது. ஒரு சொல் தடுக்கியது. என் கை நிற்கவில்லை. அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டே வந்து பாடி முடித்தாள்.

கச்சேரி நடக்க நடக்க, ஒவ்வொருவராகக் குனிந்தபடி வந்து தங்கள் செருப்பை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து மகள் மேடையை விட்டு இறங்கியபோது, மடியில் ஒரு ஜோடிதான் மிச்சம். அவள் அதை எடுத்துக்கொண்டாள். ஆனால் காலில் போடவில்லை. கையில் பிடித்தபடி, சாய்தளத்தில் இறங்கி, ஆட்டோ வரை சேற்றில் வெறுங்காலோடு என் பக்கத்தில் நடந்து வந்தாள். போட்டுக்கொள் என்று நானும் சொல்லவில்லை.