கஜேந்திரனின் படகுக்கு ஒரு மெசின்

கண்டி டவுனில் தையல் மெசினுக்கு உதிரிப்பாகம் தேடுகிறவர்கள் கடைசியில் கஜேந்திரனின் கடைக்குத்தான் வந்து சேர வேண்டும். வந்தவர்கள் ஏச்சு வாங்காமல் திரும்புவது அபூர்வம். நூல் சுற்றும் பழைய பொபினைக் கொண்டுவராமல் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றால் ஏச்சு. கொண்டுவந்தால், இவ்வளவு தேயும்வரை என்ன செய்துகொண்டிருந்தாய் என்று ஏச்சு. மனுசனிடம் நியாயம் இருந்தது, அதுதான் பெரிய தொல்லை. நியாயமில்லாமல் கத்துகிறவனை நாலு பேர் சேர்ந்து அடக்கிவிடலாம். நியாயத்தோடு கத்துகிறவனுக்கு ஊரே வழிவிட்டு ஒதுங்குகிறது.

அப்படி ஒதுங்க வழியில்லாதவள் அவர் மனைவி பிரேமிளா. மாநகர சபையில் கிளாக். பகலெல்லாம் வரி கட்ட வருகிறவர்களின் கோபம், பொழுது சாய்ந்தால் வீட்டுக்காரரின் கோபம். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அவளுக்குத்தான் ஏச்சு, வந்து வாளி நிரம்பி வழிந்தாலும் அவளுக்குத்தான் ஏச்சு. ஆனால் ஒருநாளும் கை நீட்டியதில்லை என்று கஜேந்திரன் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அதற்காக உமக்கு மாலை போட வேண்டுமா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவர் வாய் மூடிக் கிடந்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. அது அவருடைய படகு.

மூடிப்போன ஒரு ஹோட்டலிலிருந்து வாங்கிய சின்ன பைபர் படகு அது. கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் நபீல், கஜேந்திரனோடு ஒரே வகுப்பில் படித்தவர். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் நபீலுக்கு ஒரு துண்டுக் காணி இருந்தது. படகு அங்கேதான் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு, தூண்டிலும் சோற்றுப் பார்சலுமாகப் புருசனும் பெண்சாதியும் புறப்பட்டுவிடுவார்கள். நடுத் தண்ணீரில் எஞ்சினை நிறுத்தியதும் கஜேந்திரன் வேறு ஆளாகிவிடுவார். சத்தம் போட்டால் மீன் ஓடிவிடும் அல்லவா? உப்புக் குறைந்த சோற்றைக்கூட அங்கே பேசாமல் தின்பார். பிரேமிளா முன்பக்கப் பலகையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு மீனில் அக்கறை கிடையாது. ஆனாலும் ஒரு ஞாயிறும் அவள் தவறியதில்லை.

போன வருசக் கோடையில் அந்தச் சுகத்துக்கும் கேடு வந்தது. மழை இல்லை. மின்சாரத்துக்கும் வயலுக்கும் தண்ணீரைத் திறந்து திறந்து விட்டதில் நீர்த்தேக்கம் வற்றி, கரையில் செம்மண் வரிவரியாகத் தெரிந்தது. வழக்கமாகப் போகிற வழிதானே என்று கஜேந்திரன் படகை விரட்டினார். அணை கட்டியபோது முங்கிப்போன தோட்டத்து மரக்கட்டை ஒன்று தண்ணீருக்குள் நின்றது. படகு அதில் ஏறி அடித்து நின்ற வேகத்தில் பிரேமிளா பலகையிலிருந்து தூக்கி எறியப்பட்டாள். இடது மணிக்கட்டு முறிந்துபோனது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கஜேந்திரன் எழுந்து நின்று கத்தினார்.

"முன்னுக்கு இருந்தவ நீதானே? கண்ணு தெரியலயா ஒனக்கு?"

பேராதனை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பும் வழியில், இனிமேல் நான் படகில் ஏற மாட்டேன் என்று பிரேமிளா சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். கட்டைக்குப் பயந்துவிட்டாள், கட்டு அவிழ்த்ததும் சரியாகிவிடும் என்று கஜேந்திரன் நினைத்துக்கொண்டார்.

கட்டு அவிழ்த்தார்கள். அவள் வரவில்லை. அவர் தனியாகப் போய்த் தூண்டில் போட்டார். முன்பக்கப் பலகை வெறுமையாகக் கிடந்ததைப் பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு எரிந்தது. அவள் இல்லாத படகு அவருக்குப் பிடிக்கவில்லை. அதைப் போய் அவளிடம் சொல்ல ஒரு நிமிசம் போதும். அவர் சொல்லவில்லை, அதற்குப் பதில் மெசின் வாங்கக் கிளம்பினார். அந்தக் கட்டையை எந்தக் கொம்பன் ஒளித்து வைத்தாலும் கண்டுபிடிக்கிற மெசின் ஒன்றைப் பூட்டிவிட்டால், பிரேமிளா ஏறாமல் எங்கே போவாள்?

இரண்டு வகை இருப்பதாக விசாரித்து அறிந்துகொண்டார். ஒன்று பிஷ் பைண்டர். படகின் அடியிலிருந்து சத்தத்தைத் தண்ணீருக்குள் அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புவதை வைத்து ஆழம் எவ்வளவு, கீழே மீனா கல்லா என்று காட்டும். மற்றது சார்ட் ப்ளொட்டர். அதற்குள் தண்ணீரின் வரைபடம் இருக்கும், அந்தப் படத்தில் நம் படகு எந்த இடத்தில் நிற்கிறது என்று செட்டலைட் சொல்லும். நபீல் முதலாவது வகையில், போகிற வழியின் ஆழத்தையெல்லாம் தானே குறித்துவைத்துப் படமாக்குகிற ஒன்றை வாங்கச் சொன்னார். கஜேந்திரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அடியில் இருப்பதைக் காட்டி என்ன பிரயோசனம், கட்டை அடிக்கு வந்தபிறகு இடித்தாயிற்றே, முன்னால் இருப்பதை அல்லவா காட்ட வேண்டும் என்று கேட்டார். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது.

"முன்னுக்குக் காட்ட மேப் ஈக்கோணுமே மச்சான்," என்றார் நபீல். "இந்தத் தண்ணிக்கு யாரு மேப் போட்டு வெச்சீக்கிற?"

செட்டலைட்டுக்குத் தெரியாத இடம் உண்டா, டைல்ஸ் விற்கிறவனுக்குக் கப்பல் சாமானைப் பற்றி என்ன தெரியும் என்று கஜேந்திரன் எரிந்து விழுந்தார். மறுநாளே கொழும்புக்குப் போனார். படகுச் சாமான் விற்கும் கடையில் கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளன் ஒருவன், முழு இலங்கையும் இதற்குள் இருக்கிறது சேர் என்று ஆகப் பெரிய ப்ளொட்டரைத் தூக்கிக் காட்டினான். வாயில் சர்க்கரையை வைத்துக்கொண்டுதான் இவர்கள் எல்லாரும் பிறக்கிறார்கள் போலும். எந்தத் தண்ணீருக்கு என்று அவனும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

நல்ல நேரம் பார்த்துப் பூட்டினார். படகுக்குச் சில்லு இல்லையே என்று, அதை ஏற்றி இறக்கும் டிரெயிலரின் சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சங்காய் வைத்து நசுக்கினார். நடுத் தண்ணீரில் மெசினைப் போட்டதும் முழு இலங்கையும் வந்தது. சுற்றிலும் நீலக் கடல், ஆழம் அடி அடியாக எழுதியிருந்தது. நடுவில் மஞ்சளாய் வெறும் தரை. அந்தத் தரையின் நட்டநடுவில், சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில், கஜேந்திரனின் படகு நின்றது.

அவர் போட்ட சத்தத்தில் கரையில் கட்டியிருந்த நபீலின் ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளின. கொழும்புக் கடைக்காரன் போனில், இது கடலுக்கான மெசின் சேர், கண்டியிலிருந்து வந்தால் திருகோணமலைப் பக்கம் படகு வைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன் என்றான். விற்கும்போது முழு இலங்கை, விற்றபிறகு கடல் மட்டும். கஜேந்திரன் நேரில் போய் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசி, நபீல் சொன்ன அதே வகை மெசினாக மாற்றிக்கொண்டு வந்தார். நீ சொன்னது சரி என்று ஒரு வார்த்தை நபீலிடம் சொன்னாரா? இதை நான் முதலிலேயே யோசித்தேன் என்றார்.

அதற்குள் மழை பிடித்து நீர்த்தேக்கம் நிரம்பியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கஜேந்திரன் வயல் உழுவதுபோல் மேலும் கீழுமாகப் படகை ஓட்டினார். போன இடமெல்லாம் திரையில் நிறம் பிடித்தது. ஆழத்துக்குக் கருநீலம், மேட்டுக்கு வெளிர் நீலம். பிரேமிளாவின் கையை முறித்த கட்டையைக் கண்டுபிடித்துச் சிவப்புப் புள்ளி வைத்தார். அந்த வேலை அவருக்குப் பிடித்துப்போனது. வீட்டிலும் அந்த மாதங்களில் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது.

ஆழம் குறைந்தால் அந்த மெசின் கீச்சென்று கத்தி எச்சரிக்கும். கஜேந்திரன் அதை முதல் நாளே நிறுத்திவிட்டார். தன் படகில் இன்னொரு ஆள் கத்துவதை அவரால் தாங்க முடியவில்லை.

அத்தோடு நின்றாரா? கடையில் வெள்ளிக்கிழமைதோறும் கல்லாப்பெட்டிக்கும் தராசுக்கும் பொட்டு வைக்கிறவர், இதற்கும் வைத்தார். புதுச் சாமானுக்கு நாலு மூலையிலும் மங்கலம் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஆகவே திரையின் நாலு மூலையிலும் கட்டைவிரல் பருமனில் சந்தனம், அதன்மேல் குங்குமம். திரையின் இடது மேல் மூலையில்தான் அந்தந்த நேரத்து ஆழம் இலக்கமாக வரும். அதை மட்டுமாவது துடைத்துவிடேன் என்று நபீல் ஒருதடவை சொல்லிப் பார்த்தார். சாமிப் பொட்டை அழிக்கச் சொல்கிறாயா என்று கஜேந்திரன் முறைத்த முறைப்பில், வேற்று மதத்துக்காரரான தனக்கு எதற்கு வம்பு என்று நபீல் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

படம் முழுதாக முடிந்த அன்று மெசினைக் கழற்றி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்து பிரேமிளாவுக்குக் காட்டினார். இதுதான் உன் கட்டை, இதற்குப் பக்கத்தில்கூட இனிப் போகமாட்டோம் என்றார். பிரேமிளா படத்தைவிட அவரைத்தான் அதிகம் பார்த்தாள். இத்தனை மாதமாகக் குறைந்திருந்த சத்தத்தை அவள் நம்பத் தொடங்கியிருந்தாள். சரி, வருகிறேன் என்றாள்.

கடை வேலை, கல்யாண வீடு, சித்திரை வருசம் என்று தள்ளிப்போய் அவர்கள் புறப்பட்ட ஞாயிறு வருவதற்குள் மறுபடியும் கோடையாகிவிட்டது. கரையில் செம்மண் வரி தெரிந்தது. தண்ணீர் நல்லா இறங்கியிருக்கிறது, பார்த்துப் போ என்று நபீல் சொன்னார். எல்லாம் படத்தில் இருக்கிறது என்று கஜேந்திரன் எஞ்சினைக் கிளப்பினார். பிரேமிளா முன்பக்கப் பலகையில் உட்கார்ந்தாள். அவளை அங்கே பார்த்த சந்தோசத்தில் கஜேந்திரன் திரையையும் அவளையும் மட்டுமே பார்த்து ஓட்டினார். சிவப்புப் புள்ளியைச் சுற்றி, கருநீலத்துக்குள் கவனமாகப் போனார்.

அந்தக் கருநீலத்துக்குள்தான் இடித்தது. முங்கிப்போன வீடொன்றின் சுவர். எஞ்சின் இருமி நின்றது. பிரேமிளா இடது கையை ஊன்றி, முழங்கால் அடிபட விழுந்தாள். படகு சுவரில் ஏறிச் சாய்ந்து நிற்க, திரையோ நீர்த்தேக்கம் நிரம்பியிருந்தபோது பதிந்த கருநீலத்தையே இன்னும் காட்டிக்கொண்டிருந்தது.

கஜேந்திரன் தொடங்கினார். மெசின் செய்தவனை ஏசினார். விற்றவனை ஏசினார். தண்ணீரைத் திறந்துவிட்டவர்களை, மழையை, இதை வாங்கச் சொன்ன நபீலை ஏசினார். ஏசி முடித்து, கடைசியில் பழக்கதோசத்தில் முன்பக்கம் திரும்பினார்.

"நீயாவது பாத்து..."

பிரேமிளா எழுந்து அவரிடம் வந்தாள். இடது கையைத் தண்ணீரில் நனைத்து, திரையில் ஆழம் வரும் மூலையிலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் அழுத்தித் துடைத்தாள். அதன் அடியில் இலக்கம் இருந்தது. ஒரு அடிகூட இல்லை. மெசின் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"போன தடவ நான் கை முறிஞ்சு கெடந்தேன்," என்றாள். அவள் குரல் உயர்ந்து அவர் கேட்டதில்லை. இப்போது உயர்ந்தது. "வலிக்குதான்னு கேட்டீங்களா? கண்ணு தெரியலயான்னு கேட்டீங்க. கட்டைக்குப் பயந்தா நான் வராம இருந்தேன்? நீங்க கத்தாம இருந்தது இந்த ஒரு எடத்துலதான். அதையும் கெடுத்தீங்க. இன்னைக்கு நம்பி வந்தேன், மறுபடியும் கெடுத்தீங்க."

கஜேந்திரன் தேடிப் பார்த்தார், ஒரு நியாயமும் அகப்படவில்லை.

துடுப்பால் உந்திப் படகைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். பிரேமிளா எஞ்சினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் முன்னால் போய் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அவர் போய் அவளுடைய பலகையில் உட்கார்ந்தார். கலங்கல் தண்ணீருக்குள் கட்டைகளும் கற்களும் நிழல்நிழலாக எதிரே வந்தன. இங்கே உட்கார்ந்துதானா ஒருத்தி இத்தனை வருசம் மலையைப் பார்த்தாள் என்று நினைத்துப் பலகையை இறுகப் பற்றிக்கொண்டார். ஒரு கட்டை நேராக வந்தது. இடது பக்கம் என்று வாய்க்குள் முனகினார். படகு அதை உரசிக்கொண்டு போனது.

"கேக்கல. சத்தமா சொல்லுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"கட்டையப் பாத்துக் கத்துங்க. என்னயப் பாத்துக் கத்தாதீங்க."

அவர் முன்னால் திரும்பிக் கத்தினார். இடது, வலது, நிப்பாட்டு, இப்ப போ என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். கரையில் நின்ற நபீல், ஆரம்பித்துவிட்டானே பாவி என்று தலையில் கை வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை இறங்கி வந்தார். வந்து பார்த்தால் படகை ஓட்டி வருவது பிரேமிளா. அவர் கயிற்றைப் பிடித்துக் கட்டினார்.

கஜேந்திரனின் தொண்டை கட்டிப்போயிருந்தது. அவர் முதலில் இறங்கி, சேற்றில் நின்றுகொண்டு, காற்றுமாதிரி வந்த குரலில் கேட்டார்.

"கை வலிக்குதா?"

பிரேமிளா அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் தானே இறங்கினாள்.

"வலிக்குது," என்றாள். "அப்பவும் வலிச்சிச்சு."