ஒன்பதடியா, பன்னிரண்டடியா?

படகு வாங்க வருகிறவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசுவார்கள். கிள்ளையிலிருந்து வந்த இருசம்மாள் அக்கா வீட்டைப் பற்றிப் பேசினார். கையில் ஒரு நைலான் கயிறு, அதில் ஒரு முடிச்சு. "இதுக்கு மேல ஒரு விரக்கடை நீளமா இருந்தாலும் வேணாம் தம்பி" என்றார்.

என் பெயர் அன்பரசு. கடலூர் முதுநகரில் பதினெட்டு வருடமாக ஃபைபர் படகு செய்கிறேன். கயிறு கொண்டுவந்து படகு கேட்ட ஆளை அன்றுதான் பார்த்தேன். சிரிப்பு வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அடங்கிவிட்டது.

அக்கா வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று நண்டும் இறாலும் பிடித்துக் குடும்பத்தை ஓட்டுகிறவர். முட்டி போய்விட்டது. இனி படகில் உட்கார்ந்துதான் தொழில். கரையில் கட்டியிருந்த கணவரின் பழைய படகை ஐப்பசி வெள்ளம் கொண்டுபோய்விட்டதால், புதுப் படகை வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும். வீடு ஒரே அறை, பின்வாசலைத் தாண்டினால் வாய்க்கால். ஒரு சுவரோரம் அடுப்பும் சாமானும் போக ஒன்பதடி இடம். எதிர்ச் சுவரோரம் கணவர் காத்தவராயனின் கட்டில். மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அந்தக் கட்டிலை நகர்த்துகிற பேச்சே கிடையாது.

என்னிடம் ஒன்பதடிப் படகு ஒன்று தயாராக இருந்தது. ஒரு ஆள்தான் உட்கார முடியும். அக்காவுக்கு அது போதும். அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் காத்தவராயன். பேச்சு குழறியது, பிடிவாதம் குழறவில்லை.

"பன்னெண்டு அடி வாங்கு."

"வாங்கி? உன் தல மேல வெக்கிறதா?"

"வாங்குன்னா வாங்கு."

எனக்கு எரிச்சலாக வந்தது. படுத்த இடத்துக்குச் சோறு வருகிறது, இந்த மனுஷனுக்கு இன்னும் வீறாப்பு போகவில்லையே என்று நினைத்தேன்.

மறுநாள் அந்த ஒன்பதடியைக் குட்டியானை வண்டியில் ஏற்றி நானே கொண்டுபோனேன். இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அக்கா முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. காத்தவராயன் கட்டிலிலிருந்து தலையைத் திருப்பிப் படகையே பார்த்தார்.

"ஒரு ஆளுதான் ஒக்காரலாமா?"

"ஆமாங்க மாமா" என்றேன்.

"அப்ப நான் எங்க ஒக்காருவேன்?"

மூன்று வருடமாக வாசலைத் தாண்டாத மனிதர். தண்ணீரிலேயே வளர்ந்தவர். அவர் கேட்ட அந்த மூன்றடி எதற்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

அக்கா மூக்கைச் சிந்தினார். "இத வாயத் தொறந்து சொன்னா என்னய்யா கொறஞ்சி போச்சி?" என்று அவரைத் திட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இத எடுத்துட்டுப் போ. பன்னெண்டே செஞ்சி குடு."

"எங்கக்கா வெப்பீங்க?"

"கட்டில் இருக்கற எடத்துல."

"மாமா எங்க படுப்பாரு?"

"படகுலதான். பகல்ல ரெண்டு பேருக்கும், ராத்திரில அவுருக்கு. கழுவித் தொடச்சி பாய விரிச்சா ஆச்சி."

"மீன் வாடை அடிக்குமேக்கா!"

"அது இல்லாமத்தான் எனக்குத் தூக்கமே வரல" என்றார் காத்தவராயன்.

பன்னிரண்டடியில், அடிப்பக்கம் தட்டையாக, புதிதாக ஒன்று செய்தேன். அக்கா தனியாகவே உருட்டி இறக்க நாலு பி.வி.சி. குழாய்த் துண்டும் வெட்டிக் கொடுத்தேன். இரண்டாவது வாரம் ஒரு நாள் காலையில் நானும் வண்டி டிரைவரும் காத்தவராயனைத் தூக்கிப் படகின் முன்பக்கம் உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தோம். அக்கா கோலை ஊன்றினார். கரையை விட்டு விலகியதும் காத்தவராயன் இடது கையைத் தண்ணீரில் விட்டார். எடுக்கவே இல்லை.

"போதுமா? திருப்பட்டா?" அக்கா கேட்பது கரையில் கேட்டது.

"இன்னும் கொஞ்ச தூரம் போ."

அக்கா திருப்பவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் இருவரும் வரவில்லை. நான் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். அவரைத் தூக்கி இறக்க ஆள் வேண்டுமே.