மலையில் ஒருவருக்கும் இல்லை

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். பெயரும் ஊரும் எழுதுவேன். அது போதும் என்று திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள். தட்டு பிடிப்பது, மேல் துடைப்பது, குழாய் கழுவுவது என் வேலை. யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முந்திய சங்கதி இது. இதில் என் அப்பாவும் வருகிறார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வார்டில் ஒரு ஓரமாக ஆறு கட்டில் கிடந்தது. மூத்திரம் அடைத்துக்கொண்டு வருகிற வயசானவர்களுக்கு அது. வரும்போது அடிவயிறு குடம் மாதிரி இருக்கும். பேச மாட்டார்கள். டாக்டர் ரப்பர் குழாய் விடுவார். நான் பாத்திரம் பிடிப்பேன். தண்ணீர் இறங்க இறங்க முகம் மாறும். சிலர் அழுவார்கள். அரைமணி கழித்து வெற்றிலை கேட்பார்கள்.

மறுநாள் டாக்டர் பின்பக்கமாக விரல் விட்டுப் பார்ப்பார். மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு ஒரு கோளம் உண்டு. வயசானால் வீங்கும். மெத்தென்று இருந்தால் அறுத்து எடுக்கலாம். கல் மாதிரி இருந்தால் அது புற்று. டாக்டர் இதை வாயால் சொல்வதில்லை. கை கழுவுவதில் தெரிந்துவிடும். மெத்தென்றால் ஒரு சொம்புத் தண்ணீரோடு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். கல்லென்றால் சோப்பைத் திரும்பத் திரும்பப் போடுவார். நான் ஊற்றிக்கொண்டே நிற்பேன். மூன்றாவது சொம்பு எடுத்தால் எனக்குப் புரிந்துவிடும்.

டாக்டர் கோட்டைக்குள் இருந்த தமிழ்க்காரர். நல்ல மனுஷன். ஆளைத் திட்டுவார், நோயாளியைத் திட்டமாட்டார். அவரிடம் நீளமான ஒரு நோட்டு இருந்தது. கல் என்று தெரிந்தவர்களை அதில் எழுதுவார். பெயர், வயசு, ஊர், தொழில். ஊரை நான் கேட்டுச் சொல்வேன். ஒவ்வொரு பக்கத்து ஆட்களுக்கும் தனித்தனிப் பக்கம். கடற்கரை ஒன்று. கோட்டையும் பட்டணமும் ஒன்று. நாகர்கோவில் பக்கம் ஒன்று. திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒன்று. கடைசியில் மலை.

மலைப் பக்கம் வெள்ளையாகவே கிடந்தது.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். நான் மலைமேல் போனக்காட்டிலிருந்து வந்தவன் என்று அவருக்குத் தெரியும். தேயிலை எஸ்டேட்டில் மருந்து கொடுக்கிறவர் எழுதின கடிதத்தோடுதான் நான் வேலைக்கு வந்தது.

"ஏண்டா, உங்க மலையிலேர்ந்து ஒருத்தன்கூட இந்தக் கட்டிலுக்கு வரலையேடா. என்ன சாப்பிடறா அங்கே?"

"கஞ்சி, சார்."

"இங்கேயும் கஞ்சிதான் குடிக்கறா. வேறே?"

"தேயிலைத் தூசி போட்டுக் கொதிக்க வெச்ச தண்ணி. மீன் கிடையாது. கருவாடு எப்பவாவது."

அதை எழுதிக்கொண்டார். மலை ஏறி இறங்குகிறதா, குளிரா, தேயிலையா என்று அவருக்கு ஒரே யோசனை. காரணம் கிடைத்தால் மதராஸுக்கு எழுதுவாராம். அங்கிருந்து சீமைக்குப் போகுமாம். எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. நம் மலையில் காய்ச்சல் உண்டு, அட்டை உண்டு, வாந்திபேதி உண்டு. இல்லாத ஒரு நோயாவது இருக்கிறதே.

நாலு நாள் லீவு கொடுத்தார். ஒரு சின்ன நோட்டைக் கையில் கொடுத்து, மலைக்குப் போய் ஆம்பிளைகளை விசாரித்து எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மூத்திரம் தடையுண்டா, எத்தனை தடவை எழுந்து போகிறான், இடுப்பு வலி உண்டா. இந்த மூன்று கேள்வி.

விதுரா வரை பஸ். அப்புறம் நடை. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். அப்பாவை நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். ஐயா அடுப்புப் பக்கம் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கத்துப் பிட்டத்தில் மட்டும் பாரம் கொடுத்து. அம்மா முன்னமே போய்விட்டாள். தங்கை கொழுந்து கிள்ளப் போகிறவள். ஐயாவுக்குக் கவாத்து, செடியைத் தறிக்கிற வேலை. லயத்தில் ஒரு அறை வேண்டுமென்றால் அந்த அறையில் இரண்டு பேருக்காவது எஸ்டேட்டில் பேர் இருக்கவேண்டும். அவர்கள் இரண்டு பேர். கணக்குச் சரி.

ஐயாவின் பேர் ஐம்பத்தைந்து வயசு என்று பதிந்திருந்தது. நான் மலையிறங்கும்போதும் ஐம்பத்தைந்துதான். கங்காணிக்குத் தெரியும். வேலை நடக்கிறவரை கேட்கமாட்டான். நடக்காதபோது பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் பிறந்த ஊருக்குப் போய்விடுவான். லயத்தில் நரைத்த தலை அபூர்வம். சின்ன வயசிலிருந்து பார்த்த சங்கதி. அதனாலேயே அதை நினைத்துப் பார்த்ததில்லை.

நான் செய்த தப்பு மறுநாள் காலையில். வேலைக்கு ஆள் எண்ணுகிற இடத்தில் எல்லோரும் ஒன்றாக நிற்பார்கள். அங்கேயே கேட்டுவிட்டால் சுளுவாக முடியும் என்று நினைத்தேன். கங்காணியிடம் சொன்னேன். அவன் சிரித்தான். நோட்டை என் கையில் பார்த்ததும் அவனுக்கு உற்சாகம்.

"ஏலே, பட்டணத்து டாக்டர் கேக்காரு. மூத்திரம் போவாதவன் எவன்? கையத் தூக்கு."

ஒரே சிரிப்பு. கங்காணியே மேலும் சொன்னான்.

"இவனுவளுக்காப் போவாது? அவனவன் செடிக்கே பாய்ச்சுதான். வெள்ளக்காரன் ருசியா இருக்குன்னு குடிக்கான்."

அதற்கும் சிரிப்பு. நான் வரிசையாகப் போய்க் கேட்டேன். கங்காணி என் தோளுக்குப் பக்கத்தில் நடந்து வந்தான். தடை உண்டா? இல்லை. இடுப்பு வலி? இல்லை. அடுத்தவன். இல்லை. ஐயாவிடம் வந்தேன்.

"உமக்கு?"

"ஒண்ணுமில்லை. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஐயா லயத்துக்குப் பின்னால் போனார். நான் விறகு பிளந்துகொண்டிருந்தேன். அவர் சுவரில் ஒரு கையை ஊன்றி நின்றார். நான் ஒரு கட்டை பிளந்தேன். இன்னொன்று பிளந்தேன். நாலு கட்டை பிளந்து முடிந்தது. அவர் அங்கேயே நின்றார். அந்த நிலையை நான் தினம் பார்க்கிறவன். கோடாலியை வைத்துவிட்டுப் போனேன்.

"எத்தனை நாளா, ஐயா?"

"குளிரு."

"குளிரில்லை."

"ஆஸ்பத்திரியிலே சோலி பாக்கேன்னு எல்லாவனையும் கட்டில்லே கிடத்திப் பாக்காதே."

"இடுப்பு?"

அவர் வேட்டியைச் சரிசெய்தார். பிறகு சொன்னார்.

"உன் நோட்டு டாக்டர்ட்ட போவும். அவரு துரைக்கு எழுதுவாரு. துரை கங்காணியக் கூப்பிடுவான். என் பேரு போயிரும். பேரு போனா அறை போயிரும். இவளை எங்க விடச் சொல்லுதே?"

தங்கைக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை அதே எஸ்டேட்டில் தேயிலை வறுக்கிற இடத்தில் வேலை. அவனுக்கு அறை உண்டு. அதுவரை இவளுக்குக் கூரை ஐயாவின் பேர்தான். அவர் பேர் வெட்டினால் அவள் வேறு வீட்டாரின் அறை மூலையில் படுக்கவேண்டும். கல்யாணம் நிச்சயமான பெண். மாப்பிள்ளை வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

"தை வரைக்கும்," என்றார். "அதுக்கு மேலே நீ எங்கே வேணும்னாலும் கொண்டு போ."

அப்போது ஆவணி. நான் தலையாட்டினேன்.

நோட்டை டாக்டரிடம் கொடுத்தேன். பக்கம் நிறையப் பெயர். எதிரே எல்லாம் இல்லை, இல்லை, இல்லை. அவர் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போனார். ஐயாவின் பெயரையும் தாண்டிப் போனார்.

"பாத்தியாடா? நான் சொன்னேனோ இல்லையோ."

"ஆமா, சார்."

அவர் ஆபீஸில் உட்கார்ந்து மலையில் இந்த நோய் இல்லை என்று நாலு தாள் டைப் அடிக்கச் செய்தார். மேஜை இழுப்பில் வைத்திருந்தார். இன்னும் ஒரு வருஷம் பார்த்துவிட்டு அனுப்புவதாகச் சொன்னார். நான் தினமும் அந்த மேஜையைத் துடைத்தேன்.

தை வந்தது. கல்யாணம் நடந்தது. ஐயா மாலை எடுத்துக் கொடுத்தார், நின்றபடியே. உட்காரச் சொன்னார்கள். நிற்கிறேன் என்றார்.

மாசியில் தேயிலைப் பெட்டி ஏற்றி வந்த லாரியில் வந்து இறங்கினார். கம்பளி மூட்டையோடு வார்டு வாசலில் குனிந்து நின்றார். அடைத்து இரண்டு நாளாகியிருந்தது. அந்த ஆறு கட்டிலில் ஒன்று காலி. கிடத்தினேன். டாக்டர் வந்து குழாய் விட்டார். நான் பாத்திரம் பிடித்தேன். ஐயா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. நானும் அப்பா என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாள் விரல் விட்டுப் பார்த்தார். கை கழுவ வந்தார். ஒரு சொம்பு. இரண்டு. மூன்றாவதை நானே எடுத்தேன். நாலாவது சொம்புக்கும் கை நீட்டினார்.

"ஊர் கேட்டியோ?"

ஐயா கட்டிலிலிருந்தே சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்தில் அவர் பிறந்த ஊர். எஸ்டேட் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நாற்பது வருஷம் மலையில் இருந்தாலும் மலையை ஊர் என்று சொல்லமாட்டார்கள். என்னைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

டாக்டர் திருநெல்வேலிப் பக்கத்தைத் திருப்பினார்.

"சார், இவர் போனக்காடு."

"வேறே ஊர் சொன்னாரே."

"அது பிறந்த ஊர். வயசெல்லாம் போனது மலையில்."

"நோக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஐயா, சார்."

நோட்டு அவர் கையில் விரிந்தபடியே இருந்தது. கட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆவணியிலே விசாரிக்கப் போனியே. அப்போ இல்லையா?"

"இருந்தது. தை வரைக்கும் சொல்லவேண்டாம்னார்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கங்காணி பக்கத்தில் நின்றது. பேர் வெட்டுவது. வயசானவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள் என்பது. ஊருக்குப் போகிற வழியில் பட்டணத்தில் அடைத்துக்கொண்டு இங்கே வந்து படுப்பார்கள் என்பது. இதைச் சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. அவர்களை நான்தான் துடைத்துவிட்டிருக்கிறேன். கணுக்காலுக்கு மேலே வட்டம் வட்டமாகக் கறுத்த தழும்பு. அட்டை கடித்துப் புண்ணாகி ஆறினது. என் காலிலும் உண்டு. மூட்டையில் அதே கம்பளி. பார்த்துக்கொண்டே, திருநெல்வேலி, சார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் டாக்டர் சாப்பிடப் போகவில்லை. திருநெல்வேலிப் பக்கத்தை ஒவ்வொரு பெயராக வாசித்தார். எனக்கு முகம் மறந்துபோகும், கால் மறக்காது. தழும்பு இருந்தவர்களைச் சொன்னேன். பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். புள்ளி கூடிக்கொண்டே போனது. ஒரு இடத்தில் பேனாவை மூடிவிட்டார்.

இழுப்பைத் திறந்து டைப் அடித்த தாளை எடுத்தார். கிழிப்பார் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதில் ஐயாவுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்.

"ஆவணியிலேயே கொண்டு வந்திருந்தா, சார்?"

"அப்பவும் கல்லாத்தாண்டா இருந்திருக்கும்." இழுப்பை மூடினார். "ஆனா இந்த இடுப்போட தை வரைக்கும் செடி வெட்டியிருக்க வேண்டாம்."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஐயா ஆனி வரை இருந்தார். கடைசி மாதம் பெரும்பாலும் வலிக்குப் போடுகிற ஊசியில்தான். தங்கை இரண்டு தடவை வந்தாள். மலையில் அந்த நோய் குறைவா, கூடுதலா, எனக்குத் தெரியாது. டாக்டரும் அது தெரியாமலே மாற்றலாகிப் போனார். கீழே இருக்கிறவனுக்கும் மேலே இருக்கிறவனுக்கும் வித்தியாசம் இருக்கலாம். எண்ணிப் பார்க்கிறவன் முதலில் அங்கே கிழவன் இருக்கிறானா என்று பார்க்கவேண்டும். கேட்கிறவன் பக்கத்தில் யார் நிற்கிறான் என்று பார்க்கவேண்டும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புள்ளி வைத்த நாளுக்கு மறுநாள் டாக்டர் நோட்டை என்னிடமே கொடுத்தார். மலைப் பக்கத்தில் நீயே எழுது என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பெயர் எழுதினேன். ஊர், போனக்காடு என்று எழுதினேன். தொழில், கவாத்து.

"ஐயா, வயசு?"

வார்டின் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"இங்கே நம்ம எஸ்டேட்டு ஆளு யாரும் இல்லையே?"

"இல்லை."

"உன் தங்கச்சி அவன் அறைக்குப் போயிட்டாளா?"

"போயிட்டா."

"அறுபத்தெட்டு," என்றார்.