நான் சுமந்த சீர்த்தட்டு

என் தாய்மாமா திருட்டுக் கூட்டத்தில் சேர்ந்ததற்கு நான்தான் காரணம். சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்போது எனக்கு வயது எட்டு, இரட்டைச் சடை, முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சென்னைக் கல்மண்டபத்தில் மளிகைக் கடை போட்டவர்கள். அம்மாவின் ஒரே தம்பியான மாமாவும் கூடவே வந்தார். கடையில் அவருக்கு மூட்டை தூக்குகிற உத்தியோகம். சம்பளம், மூன்று வேளைச் சோறும் அப்பாவின் ஏச்சும். 'தண்டச்சோறு' என்ற சொல்லைப் பள்ளிக்கூடம் போகுமுன்பே நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

கடலோரத் தெரு ஒன்றில் ஒரு பெரிய குடும்பம் இருந்தது. கப்பலில் வந்து இறங்கும் துணி, கைக்கடிகாரம், சீமைச் சாராயம் எல்லாம் துறைமுகத்திலிருந்து கிடங்குக்குப் போகிற வழியில் கொஞ்சம் இளைத்துவிடும். இளைத்தது அந்த வீட்டில் இருக்கும். ஊருக்கே தெரியும், சொல்ல யாருக்கு இரண்டு தலை? வீட்டுத் தலைவரைப் 'பெரியவர்' என்பார்கள். அண்ணன் தம்பி, மச்சான், மருமகன் தவிர வேறு யாரையும் அவர் தொழிலில் சேர்த்ததில்லை. கூலிக்கு வந்தவன் போலீஸ் அடிக்கு வாயைத் திறப்பான், உறவுக்காரன் திறக்கமாட்டான் என்பது அவர் நம்பிக்கை.

மாமா எப்படியோ அவர் கண்ணில் பட்டு, எடுபிடி வேலைக்கு மட்டும் போய்வந்தார். ஒருமுறை அவர்களுடைய பொட்டலத்தோடு போலீசில் மாட்டி, இரண்டு நாள் அடி வாங்கி, ஒரு பெயரையும் சொல்லாமல் முகம் வீங்கி வந்தார். அப்பா வாசலிலேயே நிறுத்திவைத்து ஏசினார். பெரியவர் வீட்டிலிருந்து நண்டுக் குழம்பு வந்தது. ஆனாலும் அங்கே மாமா வெளியாள்தான். குழம்பு கொடுத்து அனுப்புவார்கள், கூட உட்கார்ந்து சாப்பிடக் கூப்பிடமாட்டார்கள்.

பிறகு ஒரு வழி பிறந்தது. பெரியவரின் மனைவிக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அவருடைய மூன்று வயது மகளை மடியில் வைத்துக் காது குத்தத் தாய்மாமன் இல்லை. அந்த இடத்தில் உட்கார மாமாவைக் கேட்டார்கள். உட்கார்ந்துவிட்டால் அந்த அம்மாளுக்கு அண்ணன், பெரியவருக்கு மச்சான். அப்புறம் யார் வெளியாள் என்பார்கள்?

ஆனால் தாய்மாமன் தனியாகப் போய் உட்கார்ந்துவிட முடியாது. அவன் வீட்டுப் பெண் ஒருத்தி முதல் சீர்த்தட்டைச் சுமந்து வரவேண்டும். அப்போதுதான் அவனைப் பெற்ற வீட்டுக்கும் சம்மதம் என்று பெரியவர் ஒப்புக்கொள்வாராம். மாமாவுக்கு அம்மாவை விட்டால் வேறு யார்?

அம்மா முடியாது என்றாள். அடுப்பங்கரையில் மாமா அவள் காலைப் பிடித்ததை நான் பார்த்தேன்.

"யக்கா, அங்கனதான் என்னைய மனுசனா மதிக்காவ."

"மதிப்பாவலே. நாளைக்கு அவியளுக்குப் பதிலா ஜெயிலுக்குப் போகவும் உன்னையத்தான் மதிச்சுக் கூப்பிடுவாவ. நான் தட்டத் தொடமாட்டேன். எனக்குச் சம்மதமில்லன்னு அவியளுக்குத் தெரியட்டும்."

எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு தட்டைத் தூக்க இவளுக்கு என்ன கேடு?

அடுத்த வெள்ளிக்கிழமை, திருவொற்றியூர் கோயிலுக்குப் போய்வருகிறோம் என்று அம்மாவிடம் சொல்லி மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அது பொய்யில்லை, காதுகுத்து அங்கேதான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பைக்குள்ளிருந்து ஒரு பித்தளைத் தட்டை எடுத்தார். குட்டிப் பட்டுப்பாவாடை, பூ, பழம், குங்குமம், மேலே ஒரு ஜோடித் தங்கத் தோடு என்று அடுக்கி என் கையில் கொடுத்தார்.

"ஏட்டி, கீழ போட்டுறாத" என்றார்.

பெரியவர் குள்ளமாக, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தார். மீசைகூடச் சரியாக இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

"யாரு இது?"

"அக்கா பொண்ணு" என்றார் மாமா.

"அக்கா வர்ல?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். மேளம் நின்றுவிட்டது. பெரியவர் என் முன்னால் குந்தி உட்கார்ந்து, "இன்னா கண்ணு, யாரு சொல்லி இத்தத் தூக்கினு வந்தே?" என்று கேட்டார்.

மாமாவைப் பார்த்தேன். போலீஸ் அடித்து அனுப்பிய அன்றுகூட அவர் முகம் அப்படி இல்லை. ஐயோ பாவம் என்று இருந்தது.

"அம்மாதான் குடுத்துவிட்டா" என்றேன், பளிச்சென்று.

பெரியவர் சிரித்தார். "அப்பறம் இன்னா? வா மச்சான், வந்து குந்து."

மாமா ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். ஆசாரி காதைக் குத்த, மடியிலிருந்த குழந்தை வீறிட்டது. மாமாவின் கண்ணிலும் தண்ணீர். பந்தியில் அவரைப் பெரியவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எனக்கு இரண்டு லட்டு.

வீட்டில் அம்மா என் கையில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தாள். "யாருட்டி தட்டெடுத்தா?"

"நான்தான். நீ குடுத்துவிட்டேன்னு சொன்னேன்."

அடிக்கக் கை ஓங்கியவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடி விழாததால் தப்பித்தேன் என்றிருந்தேன்.

அந்த வருஷம் மழைக்காலத்துக்குள் அம்மா சொன்னது நடந்தது. பெரியவரின் தம்பிமேல் வந்த வழக்கை மாமா தன்மேல் போட்டுக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். அப்பா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், அம்மா அதிரசம் சுட்டு எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனாள்.

வாசலில் இருந்த காவலர் நோட்டைப் புரட்டினார். "நீ இன்னா ஒறவும்மா?"

"கூடப்பிறந்த அக்கா."

அவர் மறுபடி புரட்டினார். "கூடப்பொறந்தது ஒரே தங்கச்சின்னு அந்தாளே எழுதிக் குட்த்துகீறாரு. அது காலீல வந்து பாத்துட்டுப் பூட்ச்சி. அக்கான்னு யாரும் இல்லியேம்மா."

எங்கள் வீட்டுக்குக் கறை வேண்டாம் என்று அப்படி எழுதினாரா, உண்மையாகவே அவர்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா அதிரசப் பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டாள். திரும்புகிற வழியெல்லாம் வெயிலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தாள். அதிரசம் முழுவதும் இனி எனக்குத்தான் என்ற சந்தோஷத்தில் நான் அவளுக்கு முன்னால் குதித்துக்கொண்டு போனேன்.