மாமாவுக்கு விழுந்த சிவப்பு அட்டை

மூன்றுக்கு இரண்டு என்று முதலில் சொன்னது நான்தான். காலிறுதியிலும் அரையிறுதியிலும் நான் சொன்ன கோல்கள் அப்படியே பலித்துவிட்டதால், நான்காம் வகுப்பில் எனக்குக் கருநாக்குக்காரி என்று பெயர் விழுந்திருந்தது. அதில் எனக்கு வெட்கமே இல்லை, பெருமைதான். இறுதி ஆட்டத்தில் எங்கள் கீழ்க்கணக்கு மூன்று, மேற்கணக்கு இரண்டு, எங்கள் மூன்றையும் மாமாவே அடிப்பார் என்று வகுப்புக் கரும்பலகையில் எழுதியே வைத்தேன்.

மாத்தளை மாவட்டத்தில் யட்டவத்தப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று அதில் இரண்டு பிரிவு. கலியாணம், கருமாதிக்கெல்லாம் ஒன்றாக நிற்பவர்கள், பந்து என்று வந்தால் மட்டும் பாம்பும் கீரியும்தான்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் அணிக்குக் கோல் அடிப்பவர் அவர் ஒருவரே. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம், செவ்வாய்க்கிழமை அவர் வேலைக்காகக் கட்டாருக்கு விமானம் ஏற வேண்டும். மெடிக்கல் முடிந்து டிக்கெட்டும் வந்தாயிற்று. இந்த நேரத்தில் பந்து வேண்டாமடா என்று அம்மா ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். வெற்றிக் கிண்ணத்தை வாங்காமல் பிளேன் ஏறுவதில்லை என்றுவிட்டார் மாமா.

அம்மாவின் பயத்துக்கு ஒரு பெயர் இருந்தது: லொறி. மேற்கணக்கின் பின்வரிசைக்காரர், ஆளைப் பார்த்தே அந்தப் பட்டம் வைத்திருந்தார்கள். அரையிறுதியில் ஒரு பையனின் காலை உடைத்து மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர். அவர் உதை முதலில் பந்தில் பட்டதா, காலில் பட்டதா என்று பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் வாதாடினார்கள்.

விசில் அப்பாவின் கையில். மாத்தளையில் நடுவர் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கிய ஆள் எங்கள் தோட்டத்திலேயே அவர் மட்டும்தான். கீழ்க்கணக்கு ஆளை நடுவராகப் போட மேற்கணக்கு மறுக்கவில்லை. அந்த மனுஷன் சொந்த நிழலுக்கே ஃபவுல் கொடுப்பார் என்று அவர்களே சொன்னார்கள்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் மாமா ஒரு கோல் போட்டார். நான் குதித்த குதியில் செருப்பின் வார் அறுந்துவிட்டது. அதன்பிறகு லொறி பந்தைத் தேடவே இல்லை, மாமாவின் காலைத்தான் தேடினார். முதல் உதைக்கு அப்பா எச்சரித்தார், இரண்டாவதற்கு மஞ்சள் அட்டை காட்டினார். மூன்றாவது உதையில் மாமா விழுந்தபோது அம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

இடைவேளையில் தோடம்பழச் சுளைகளோடு அம்மா அப்பாவிடம் போனாள். கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். அவள் சுளையை நீட்டியபடி, சிரித்த முகத்தோடு, மெதுவாகச் சொன்னாள்:

"ஏங்க, தம்பி ரெண்டு காலோட பிளேன் ஏறணுங்க. அது ஒங்க பொறுப்பு."

அப்பா சுளையைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். லொறிக்கு இன்னொரு அட்டை நிச்சயம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டாம் பாதியில் மாமா இன்னொரு கோல் போட்டார். இரண்டுக்குப் பூச்சியம். என் நாக்கை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்த நிமிஷமே லொறி பின்னாலிருந்து வாரிவிட, மாமா புல்லில் உருண்டார். எழுந்து, அப்பாவைப் பார்த்து, "மச்சான், இதெல்லாம் ஒங்க கண்ணுல படாதா?" என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். அப்பா ஓடிவந்தார், சட்டைப் பையில் கையை விட்டார், சிவப்பு அட்டையை எடுத்தார். மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

 முதலில் அம்மாவின் குரல்தான் கேட்டது. "வீட்டுக்கு வாங்க, ஒங்களுக்கு நான் காட்டுறேன் ரெட் கார்ட்" என்று கத்தி, கூடையிலிருந்த தோல்களை அள்ளி வீசினாள். மேற்கணக்கு சிரித்துக் கைதட்டியது. நான் அழுதேன். பத்துப் பேராக ஆடிய நாங்கள் அடுத்தடுத்து மூன்று கோல் வாங்கினோம். மூன்றுக்கு இரண்டு. நான் சொன்ன எண்கள் பலித்துவிட்டன, அணிதான் மாறிப்போயிற்று.

மறுநாள் பீலியடியில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. ஒரு வார்த்தை கேட்டதற்குச் சிவப்பா என்று எங்கள் பக்கம் கொதித்தது. மச்சானுக்கே சிவப்பு காட்டியவனைப் போல நீதிமான் உண்டா என்று மேற்கணக்கு மெச்சியது. லொறியை வெளியே அனுப்பியிருந்தால் இதே ஆட்கள் கம்போடு இறங்கியிருப்பார்கள். அந்த ஒரு அட்டையால் அப்பாவின் புகழ் பரவி, நாவுலையிலிருந்துகூட ஆட்டம் நடத்தித்தர ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை. அந்தத் திங்கட்கிழமை அம்மா பொரித்த மீனில் பெரிய துண்டை அப்பாவின் சோற்றுக் கோப்பையில் வைத்ததைப் பார்த்ததும் அது இன்னும் ஏறியது. அவருக்கு எதற்குப் பெரிய துண்டு என்று கேட்டேன். "ஓடுன மனுசன், சாப்பிடட்டும்" என்றாள். முந்தின நாள் அவர் மேல் தோலை வீசியவள் இவள்தானா என்று பார்த்தேன். அப்பா தலையைத் தூக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் மாமா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார், அப்பாவிடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. அப்பா லயத்து வீட்டு வரிசையின் கோடியில் தனியாக நின்றார். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தேயிலைக்கு நடுவே இறங்கும் பாதையில் மாமா விறுவிறுவென்று நடந்தார். வளைவில் திரும்பிக் கையசைத்தார். நான் கையசைத்தேன். அம்மா அசைக்கவில்லை. பிரிந்து போகிற தம்பியின் முகத்தைப் பார்க்காமல், அவள் ஏன் கடைசிவரை அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.