நூற்றுப் பதினைந்து சென்டிமீட்டர்

அன்று உள்ளரங்கில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். உயர நாற்காலியில் நடுவர். வலைக் கம்பத்துக்கு அந்தப் பக்கம், தாழ்ந்த நாற்காலியில் சர்வீஸ் மட்டும் பார்க்கும் நடுவர், ஒரு பெண்மணி. வலைக்கு இந்தப் பக்கம் என் மகள். அந்தப் பக்கம் எதிராளிப் பெண். என் மகளுக்குப் பின்னால் அவளுடைய கோச், தூத்துக்குடிக்காரர். கேலரியில் எதிராளியின் அப்பா. அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி நான். என் மனைவிக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை.

ஷட்டில் போட்டி. மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்கிறவள் மாவட்ட அணியில் மாநிலப் போட்டிக்குப் போவாள். பதினேழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பிரிவு. என் மகளுக்கு அதில் அது கடைசி வருடம்.

நான் எட்டாவது வரை படித்தேன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அருள்புரத்தில் பழைய குடோன் ஒன்றை கோச் வாடகைக்குப் பிடித்து கோர்ட் போட்டிருந்தார். மகள் அங்கேதான் ஆடினாள்.

சர்வீஸ் போடும்போது பந்தை எவ்வளவு உயரத்தில் அடிக்கலாம் என்று உலக சங்கம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. முன்பு அவரவர் கடைசி விலா எலும்புதான் கணக்கு. ஆளுக்கு ஆள் மாறும். நடுவருக்கும் சண்டை வரும். பிறகு நாட்டுச் சங்கங்களிடமெல்லாம் பேசி, யாராக இருந்தாலும் தரையிலிருந்து நூற்றுப் பதினைந்து சென்டிமீட்டர் என்று ஆக்கிவிட்டார்கள். நெட்டையானவர்கள் முணுமுணுத்தார்களாம். கோச் சொன்னார். எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. எங்களிடம் பனியன் வாங்குகிற பையர் எந்த ஊரிலோ உட்கார்ந்துகொண்டு காலர் அளவு சொல்கிறார். நாங்கள் இங்கே வெட்டுகிறோம்.

அந்த உயரத்தைப் பார்க்க ஒரு ஸ்டாண்டு வேண்டும். "நீங்கதான் அளவுக்காரவுக. நீங்களே செஞ்சு தாங்க அண்ணாச்சி" என்றார் கோச். இரும்புக் குழாயில் சட்டம் அடித்து, முன்னும் பின்னுமாக இரண்டு தையல் நூல் கட்டினேன். இரண்டு நூலும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அடிக்கிறபோது பந்து முழுதும் நூலுக்குக் கீழே இருந்தால் சரி.

"ஏனுங்ப்பா, இதுல துணி காயப் போட்டுக்கலாமுங்களா?" என்று மகள் சிரித்தாள். ஒரு வருடம் அந்த நூலை வைத்துத்தான் பழகினாள். தப்பு சர்வீஸ் என்று ஒரு ஃபால்ட் விழுந்ததில்லை. அதுவரை ஆடிய சின்னப் போட்டிகளில் சர்வீஸ் பார்க்கத் தனி நடுவர் கிடையாது.

அன்று முதல் ஆட்டத்திலேயே, சர்வீஸ் பார்க்கும் அந்தப் பெண்மணி தன் முன்னால் இருந்த ஸ்டாண்டில் பார்த்து நான்கு முறை கையை மார்புக்கு நேராக மட்டமாகக் காட்டினார். உயரம் அதிகம் என்று அர்த்தம். நான்கு பாயிண்டும் எதிராளிக்குப் போனது. அந்த ஆட்டமும் போனது.

எதிராளியின் அப்பா என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மாஸ்டர், புள்ளைக்குச் சட்டை அளவாத்தான் தெச்சிருக்கீங்க. சர்வீசுதான் அளவு தப்புதுங்க."

"பாக்கலாமுங்க" என்றேன்.

ஆட்ட இடைவேளையில் கோச், நடுவர்களுக்கும் மேலே இருந்து போட்டியை நடத்தும் ரெஃப்ரீயிடம் போனார். "எங்க பிள்ளைக்கு ஒரு வருசமா ஒரு ஃபால்ட் கெடையாது. ஒங்க ஸ்டாண்டுதான் தப்பா இருக்கு" என்றார்.

"அளந்தே பாத்துருங்க சார். எனக்கொண்ணும் இல்லீங்க" என்றார் சர்வீஸ் நடுவர்.

ரெஃப்ரீ டேப் வைத்து அளந்தார். சரியாக நூற்றுப் பதினைந்து.

கோச் கேலரிக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து கேட்டார். "அண்ணாச்சி, நம்ம நூல எத்தனையில கட்டியிருக்கிய?"

"நூத்திப் பதினெட்டுங்க."

"பதினெட்டா? எதுக்கு?"

"அலவன்ஸுங்க."

"நூலுக்கு என்ன அலவன்ஸு? சுருங்கவா போகுது?"

எங்கள் தொழிலில் சார்ட்டில் இருக்கிற அளவுக்கே யாரும் துணி வெட்டுவதில்லை. மடித்துத் தைக்க இரண்டு சென்டி, தண்ணீரில் சுருங்க ஒரு சென்டி சேர்த்துத்தான் வெட்டுவோம். இருபத்தாறு வருடமாக அப்படித்தான். நூற்றுப் பதினைந்து என்று காதில் விழுந்தது. கை நூற்றுப் பதினெட்டில் மார்க் வைத்தது. அது தப்பு என்று கோச் கேட்கும் வரை எனக்குத் தோன்றவில்லை.

கோச் அவளிடம் காரணம் சொல்லவில்லை. "கைய மூணு சென்டி எறக்கு" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது ஆட்டத்தில் இறக்கினாள். பந்து வலையில் மாட்டியது. கொஞ்சம் தூக்கிப் போட்டால் எழும்பிப் போனது, எதிராளி அறைந்தாள். நடுவில் இரண்டு முறை பழைய உயரத்துக்கே போய் ஃபால்ட் வாங்கினாள். அதற்குப் பிறகு அந்த சர்வீசையே விட்டுவிட்டு, இடுப்புக்குக் கீழிருந்து நீளமாக அடித்தாள். ஓடி ஓடி எடுத்து அந்த ஆட்டத்தை ஜெயித்தாள்.

மூன்றாவது ஆட்டம் பதினெட்டுக்குப் பதினெட்டு. அவளுடைய சர்வீஸ். எதிராளி பின்னால் தள்ளி நின்றதைப் பார்த்து, வலையை ஒட்டி விழும் பழைய சின்ன சர்வீசையே போட்டாள். அந்தப் பெண்மணி கையை மட்டமாகக் காட்டினார். இருபத்தொன்றுக்குப் பத்தொன்பதில் தோற்றாள். போய்க் கை கொடுத்துவிட்டு வந்தாள்.

பல்லடம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"எம் மேலதான் தப்புங்ப்பா. கை பழைய எடத்துக்கே போயிருச்சு."

"இல்ல கண்ணு. நூலு மூணு சென்டி மேல இருந்துச்சு. நாந்தான் கட்டுனது."

அவள் என்னைப் பார்த்தாள். வீரபாண்டி பிரிவு தாண்டியதும் கேட்டாள்.

"ஒரு வருசமாவா?"

"ஆமா கண்ணு."

"ஃபால்ட்டுல எத்தன பாயிண்டு போச்சுன்னு எண்ணுனீங்களா?"

"எண்ணுனேன்."

"எத்தனைங்ப்பா?"

"ஏழு."